ஒரு குளம் போதும்: தனியாளாக ஓர் இயற்கை கேம் செய்வது எப்படி?

திரையில் ஒரு சின்னக் குளம். கரையோரம் நாணல் அசைகிறது. இலை ஒன்று விழ, தண்ணீரில் வளையம் விரிந்து விரிந்து மறைகிறது. விளையாடுபவர் கரையைச் சுற்றி நடக்கலாம், கல்லை எடுத்துத் தண்ணீரில் போடலாம், சும்மா உட்காரலாம். அவ்வளவுதான். எதிரி இல்லை, உயிர் போகாது, விரட்டும் கடிகாரமும் இல்லை. "இதெல்லாம் ஒரு கேமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்தவர்கள் இப்படியொரு குளத்தங்கரையில் அரை மணி நேரம் இருந்துவிட்டுத் தூங்கப் போவதும் நடக்கிறது. இந்த மாதிரி கேமை ஒரே ஆள், வீட்டில் இருக்கும் கணினியை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது? கோடிங் பக்கமே போகாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

நான் செய்த முதல் குளத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டு மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்தது. தங்கையைக் கூப்பிட்டு விளையாடச் சொன்னேன். கரையை ஒரு சுற்று சுற்றினாள். மூன்று கல் போட்டாள். "அழகா இருக்குண்ணா. சரி, இப்ப என்ன பண்ணணும்?" என்றாள். சும்மா இரு, அதுதான் கேம் என்றேன். இன்னும் ஒரு நிமிடம் பார்த்தாள். "இந்தத் தவளைக்கு யாராவது சாவி கொடுத்து விட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, அதே இலையிலிருந்து, அதே உயரத்துக்குக் குதிக்கும் தவளை அது. அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடித்தான் இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதியைக் கற்றுக்கொண்டேன். அதனால் இந்தக் கட்டுரையும் அந்த இரண்டைச் சுற்றியே போகும்.

விரட்டாமல் இருந்தால் மட்டும் போதுமா?

அமைதியான கேம் செய்யக் கிளம்புகிறவர் முதலில் செய்வது கழித்தல். கடிகாரத்தை எடுத்துவிடுவார். தோல்வியை எடுத்துவிடுவார். மதிப்பெண்ணை எடுத்துவிடுவார். மூன்றும் சாட்டைகள்தான், எடுக்க வேண்டியவைதான். ஆனால் எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒரு வால்பேப்பர். என் குளம் அப்படித்தான் இருந்தது. "இப்ப என்ன பண்ணணும்?" என்று தங்கை கேட்டதில் தப்பே இல்லை.

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர் தம்பதி இயற்கைக்கும் மனக் களைப்புக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது: கணக்குப் பார்ப்பது, நெரிசலில் வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்கு நாம் கவனத்தை வலிந்து பிடித்து வைக்கிறோம். அந்தக் கவனம் களைத்துப்போகும். மேகம் நகர்வதையோ இலை அசைவதையோ பார்க்கும்போது கவனம் தானாகவே அதன் பக்கம் போகிறது. மனத்தை முழுதாகப் பிடுங்கிக்கொள்ளாமல் லேசாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மென்மையான ஈர்ப்பு என்று இதற்குப் பெயர். அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்துத் தேறுகிறது. ஆம்புலன்ஸ் சைரனும் நம் கவனத்தை இழுக்கத்தான் செய்யும். ஆனால் அது வேறு எதையும் நினைக்க விடாது.

கேம் செய்கிறவருக்கு இதில் ஒரு வேலைக் குறிப்பு இருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே சமயம் எதுவும் கத்திக் கூப்பிடக் கூடாது. இன்னொரு படி மேலே போய் நான் சொல்வது: உற்றுப் பார்ப்பவருக்கு கேம் ஏதாவது கொடுக்க வேண்டும். ஓடுகிறவருக்குப் பரிசு கொடுக்கும் கேம்கள் ஆயிரம் இருக்கின்றன. நின்று பார்ப்பவருக்கு மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று உங்கள் கேமில் இருந்துவிட்டால், சும்மா இருப்பதே ஒரு விளையாட்டாகிவிடும்.

எ ஷார்ட் ஹைக் என்ற கேமைப் பாருங்கள். 2019-இல் வந்தது. ஆடம் ராபின்சன்-யூ என்பவர் செய்தது, இசை மட்டும் வேறொருவர். கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு சின்னப் பறவை மலை உச்சிக்கு ஏற வேண்டும். இலக்கு அது ஒன்றுதான். உச்சிக்குப் போ என்று யாரும் அவசரப்படுத்துவதில்லை. வழியில் யாரிடமாவது பேசலாம், மீன் பிடிக்கலாம், எதிலிருந்தாவது குதித்து மிதந்து இறங்கலாம். ஆஸ்கர் ஸ்டால்பெர்க் செய்த டவுன்ஸ்கேப்பரில் அந்த ஒரு இலக்குகூடக் கிடையாது. கடல் மேல் கிளிக் செய்தால் ஒரு வீடு எழும்பும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் இரண்டும் தாமாகவே ஒட்டிக்கொண்டு, கூரையும் படிக்கட்டும் வளைவும் முளைக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் கேம் ஏதோ பதில் சொல்கிறது. அதுதான் ஆளை உட்கார வைக்கிறது.

சொன்னால் சிலர் சிரிக்கலாம், ஆனால் இதற்கு எனக்குக் கைகொடுத்தது நம்முடைய திணை இலக்கணம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். முதலில் நிலமும் பொழுதும். அப்புறம் அந்த நிலத்தில் அந்தப் பொழுதில் இருக்கக்கூடிய மரம், பூ, பறவை, விலங்கு. கடைசியில் அந்த இடம் எந்த உணர்வுக்கு உரியது என்பது. ஒரு கேமின் திட்டத்தை ஒரே தாளில் எழுத இதைவிட நல்ல சட்டகத்தை நான் பார்த்ததில்லை. என் குளத்துக்கு நான் எழுதிக்கொண்டது: நீர்நிலை, மாலைப் பொழுது, நாணல், அல்லி, தவளை, தட்டான், மீன். உணர்வு: காத்திருத்தல். குளம் மருதத்தைச் சேர்ந்தது, மாலையும் காத்திருத்தலும் முல்லைக்கு உரியவை என்று யாராவது தமிழாசிரியர் பிடித்துக்கொண்டால், திணைமயக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

அந்த உணர்வுச் சொல்தான் பிறகு வரும் நூறு முடிவுகளை எடுத்துக் கொடுக்கும். காத்திருத்தல் என்று எழுதிவிட்டால், குளத்தில் இரட்டைத் தாவல் (காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை தாவுவது) வேண்டுமா என்ற கேள்வியே எழாது.

காடு வேண்டாம், குளம்

தனியாளாகச் செய்தவர்கள் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் எரிக் பரோன். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேமின் கோடிங், ஓவியம், இசை, வசனம் எல்லாவற்றையும் ஒருவராகவே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. அந்த எண்ணைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: வெளியிடுவதற்கு முன் அவர் அதில் செலவிட்டது சுமார் நாலரை ஆண்டு. ராபின்சன்-யூவின் கதை வேறு மாதிரி. பெரிய கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர், அதில் அலுத்துப்போய் அதை ஓரமாக வைத்துவிட்டுச் சில மாதங்களில் செய்ததுதான் எ ஷார்ட் ஹைக். ஒரே தீவு, ஒரே மலை, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2020-இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசு அதற்குக் கிடைத்தது. முதல் கேம் செய்கிறவர் பின்பற்ற வேண்டியது இந்த இரண்டாவது வழியைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. கேமுக்குள் ஒரு தட்டான் பூச்சி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை வரைய வேண்டும் அல்லது முப்பரிமாணத்தில் செய்ய வேண்டும். வண்ணம் தீட்ட வேண்டும். பறக்க வைக்க வேண்டும். சத்தம் சேர்க்க வேண்டும். மற்றவற்றோடு மோதி ஏடாகூடமாக எதுவும் செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு பொருளுக்கு ஐந்து வேலை. குளத்தில் 12 பொருள் என்றால் 60 வேலை. காட்டில் 40 பொருள் என்றால் 200. அந்த ஐந்துக்கும் நீங்கள் ஒருவரே ஆள். அது போக, 12 பொருளும் நன்றாக இருக்கிற குளத்தை யாரும் சின்னது என்று குறை சொல்ல மாட்டார்கள். 40 பொருளும் அரைகுறையாக இருக்கிற காட்டைக் கட்டாயம் சொல்வார்கள்.

கருவிகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொடக்கக்காரர்கள் இதிலேயே மாதக்கணக்கில் தொலைந்துபோகிறார்கள். கேம் இன்ஜின் என்பது படம் வரைதல், சத்தம், மோதல் கணக்கு போன்ற அடிப்படை வேலைகளை ஏற்கனவே செய்து வைத்திருக்கும் மென்பொருள். கோடாட் என்ற இன்ஜின் முழுக்க இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). அர்ஜென்டினாவில் பிறந்து 2014-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மேலே சொன்ன எ ஷார்ட் ஹைக், டவுன்ஸ்கேப்பர் இரண்டும் யூனிட்டி என்ற இன்ஜினில் செய்யப்பட்டவை. முப்பரிமாண உருவங்களுக்கு ப்ளெண்டர், ஓவியத்துக்கு கிரிட்டா, சத்தத்துக்கு ஆடாசிட்டி. மூன்றும் இலவசம்தான். எதை எடுத்தாலும் உரிம விதிகளை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். யூனிட்டி 2023 செப்டம்பரில், கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துப் புதுக் கட்டணம் வரும் என்று அறிவித்துப் பெரிய எதிர்ப்பைச் சந்தித்து, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. எந்த இன்ஜின் சிறந்தது என்ற விவாதத்துக்கு ஒரு சாயங்காலத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். உங்களுக்கு விளங்குகிற பாடக் காணொளி எதற்கு அதிகம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் இங்கேயே புரிந்துகொண்டால் பின்னால் குழப்பம் வராது. கேம் என்பது ஓயாமல் சுற்றும் ஒரு சக்கரம். ஒவ்வொரு சுற்றிலும் விசையை யாராவது அழுத்தினார்களா என்று பார்க்கும், உலகத்தைக் கொஞ்சம் நகர்த்தும், படத்தை வரையும். விநாடிக்கு 60 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. விழும் இலையை "ஒரு சுற்றுக்கு 2 புள்ளி கீழே இறக்கு" என்று எழுதினால் அது விநாடிக்கு 120 புள்ளி இறங்கும். அதே கேம் விநாடிக்கு 144 முறை சுற்றும் திரையில் ஓடினால் இலை 288 புள்ளி இறங்கும். இலை மாதிரி இருக்காது, கல் மாதிரி இருக்கும். அதனால் வேகத்தை எப்போதும் விநாடிக் கணக்கில் எழுதி, போன சுற்றிலிருந்து எவ்வளவு நேரம் ஆனதோ அதால் பெருக்க வேண்டும். அவசரமே இல்லாத கேமில் இந்தத் தப்பு நடந்தால் பளிச்சென்று தெரியும்.

சாவி கொடுத்த தவளை

இப்போது தங்கையின் இரண்டாவது கேள்வி. கணினிக்கு இயல்பாக வருவது ஒழுங்கு. இயற்கையில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி எதுவும் இரண்டு தடவை நடப்பதில்லை. இந்த இடைவெளியை அடைப்பதில்தான் கைவேலை முழுதும் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நாணலை எடுத்துக்கொள்வோம். அதை ஆட வைக்க எளிய வழி, பள்ளியில் படித்த சைன் அலை. சாய்வு = 6 × சைன்(நேரம் × 1.5). அதாவது நாணல் இந்தப் பக்கம் 6 பாகை, அந்தப் பக்கம் 6 பாகை சாயும். ஒரு முறை போய்த் திரும்ப நாலு விநாடிக்குக் கொஞ்சம் கூடுதல் ஆகும். ஒரே ஒரு நாணல் என்றால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இருநூறு நாணலை வையுங்கள். எல்லாம் ஒன்றாக இடம், ஒன்றாக வலம். உடற்பயிற்சி வகுப்புக்கு வந்த மாதிரி இருக்கும். சமன்பாட்டில் நாணல் நிற்கும் இடத்தையும் சேருங்கள்: சைன்(நேரம் × 1.5 + இடம் × 0.4). இப்போது பக்கத்து நாணல் கொஞ்சம் தள்ளி அசைகிறது, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அலை ஒன்று ஓடுவது தெரியும். அட, காற்று வந்துவிட்டதே என்று தோன்றும் முதல் இடம் இதுதான். அடியில் வேர் நகரக் கூடாது என்பதால் உயரத்தாலும் பெருக்க வேண்டும்: அடி அசையாது, நுனி நன்றாக அசையும். இந்த வேலையை ஷேடர் என்ற குட்டி நிரலாக கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைத்துவிட்டால் ஆயிரக்கணக்கான நாணல்களும் சிரமமில்லாமல் ஆடும்.

ஆனாலும் அது சீரான காற்று, மின்விசிறிக் காற்று. உண்மையான காற்று திடீரென்று வலுத்து, அடங்கி, மறுபடியும் வரும். அதற்கு ரேண்டம் எண் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: 3, 91, 17, 66. தாயக்கட்டை உருட்டின மாதிரி எண்கள் தாவும், நாணல் வலிப்பு வந்த மாதிரி வெட்டி வெட்டி ஆடும். நமக்கு வேண்டியது 41, 44, 48, 47, 43 என்பது போன்ற எண் வரிசை. அடுத்தது என்ன என்று சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் முந்தையதிலிருந்து ரொம்ப தூரம் போகாது. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கென் பெர்லின். 1982-இல் வெளிவந்த ட்ரான் படத்தின் கணினிக் காட்சிகளில் வேலை பார்த்தவர். கணினி வரைந்த படங்களில் இருந்த இயந்திரத்தனம் அவருக்குப் பொறுக்கவில்லை. அதைப் போக்க அவர் உருவாக்கியதுதான் பெர்லின் நாய்ஸ். பின்னால் அதற்காக ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் வாங்கினார். இன்றைக்கு எந்த இன்ஜினை எடுத்தாலும் இது அல்லது இதன் தம்பி ஒருவன் உள்ளேயே இருப்பான். காற்றின் வலு, மேடு பள்ளம், மேகம், புல் எங்கே அடர்ந்து எங்கே மெலிந்திருக்க வேண்டும் என்பது, எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்தலாம். பெரிய மெதுவான அலை ஒன்று, அதன்மேல் பாதி அளவும் பாதி வலுவும் உள்ள இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று அடுக்கினால் மலைத்தொடரே வந்துவிடும்.

செடி வைப்பதிலும் இதே சிக்கல். வரிசையாக வைத்தால் சினிமா கொட்டகை நாற்காலி. ரேண்டமாக வைத்தால் ஒரு இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், இன்னொரு இடம் வழுக்கையாகக் கிடக்கும். இடத்தை ரேண்டமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, "ஏற்கனவே இருக்கும் செடிக்கு அரை மீட்டருக்குள் வந்தால் வேண்டாம், வேறு இடம் பார்" என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தாலே பாதி சரியாகிவிடும். மிச்சப் பாதியைக் கையால் செய்யுங்கள். தனியாளுக்கு இருக்கும் சௌகரியம் அது. குளம் சின்னது, ஒவ்வொரு நாணலையும் நீங்களே நட்டுவிடலாம்.

மீன் கூட்டத்துக்கு கிரெய்க் ரெனால்ட்ஸ் 1980-களில் கண்ட வழி இன்றும் போதும். கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொரு மீனுக்கும் மூன்று விதிதான்: பக்கத்தில் இருப்பவனை இடிக்காதே, அவன் போகிற திசையிலேயே போ, கூட்டத்தின் நடுப்பக்கம் ஒட்டியே இரு. பாய்ட்ஸ் என்று பெயர். இந்த மூன்றை மட்டும் எழுதிவிட்டு ஓட விட்டபோது, மீன்கள் ஒரு கல்லைச் சுற்றிப் பிரிந்து மறுபடியும் சேர்ந்ததைப் பார்த்து நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிரிதலை நான் எழுதவே இல்லை. கல்லை இடிக்காதே என்பதையும் முதல் விதியில் சேர்த்திருந்தேன், அவ்வளவுதான்.

தவளைக்கு வருவோம். பழைய தவளைக்கு ஒரே ஒரு கட்டளை: ஐந்து விநாடி ஆனதும் குதி. புதிய தவளைக்கு நாலு நிலைகள் வைத்தேன். தண்ணீருக்குள் மறைந்திருத்தல், தலையை மட்டும் நீட்டுதல், இலை மேல் உட்காருதல், குதித்து ஓடுதல். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது போவது என்பதுதான் கேமே. விளையாடுபவர் மூன்று மீட்டருக்குள் நடந்து வந்தால் எந்த நிலையில் இருந்தாலும் தண்ணீருக்குள் பாயும். அவர் அசையாமல் இருந்தால், 20-லிருந்து 40 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் தலை நீட்டும். மேலும் அசையாமல் இருந்தால் இலை மேல் ஏறும். ஏறினதும் குதிப்பதில்லை. தொண்டை துடிக்கும், ஒரு முறை கண் சிமிட்டும். பக்கத்தில் தட்டான் வந்தால் அந்தப் பக்கம் திரும்பும். சில நேரம் வரவே வராது. மொத்தமே அறுபது வரி நிரல்தான். ஆனால் தங்கையின் இரண்டு கேள்விக்கும் பதில் இந்த அறுபது வரிக்குள் இருந்தது: தவளையின் சாவி கழன்றது, சும்மா இருப்பவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது.

காதுக்கு

கண்ணைவிட காதுதான் சீக்கிரம் ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கும். ஒரு நிமிடப் பறவைச் சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டால், மூன்றாவது சுற்றிலேயே "மறுபடியும் அதே குயில்" என்று தெரிந்துவிடும். இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. ஒரே நீளமான பதிவுக்குப் பதிலாக மூன்று சின்னப் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்ச் சலசலப்பு 17 விநாடி, பூச்சிச் சத்தம் 23 விநாடி, பறவை 31 விநாடி. மூன்றையும் தனித்தனியாகச் சுழல விடுங்கள். மூன்றும் பகா எண்கள் என்பதால் மறுபடியும் ஒரே நேரத்தில் தொடக்கத்துக்கு வந்து சேர 17 × 23 × 31 = 12,121 விநாடி ஆகும். மூன்று மணி 22 நிமிடம். எழுபத்தொரு விநாடிப் பதிவை வைத்து மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பறவைப் பதிவில் தனித்துக் கேட்கும் கூவல் எதுவும் இருக்கக் கூடாது. காது அதைப் பிடித்துவிடும். அப்படிப்பட்ட சத்தங்களைத் தனியாக வெட்டி வைத்து, ரேண்டமான இடைவெளியில், வெவ்வேறு திசையிலிருந்து விடுங்கள்.

காலடிச் சத்தத்துக்கு ஐந்து பதிவாவது வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் ஐந்தே ஐம்பதாகக் கேட்கும். பதிவுகளைக் கைப்பேசியிலேயே எடுக்கலாம். செலஃபேன் தாளைக் காதோரம் கசக்கிப் பாருங்கள், நெருப்பு எரிகிற சத்தம். இணையத்தில் கிடைப்பதை எடுத்தால் உரிமத்தைக் கவனியுங்கள். சிசி0 என்றால் கேட்காமலே பயன்படுத்தலாம். சிலவற்றுக்குப் பதிவு செய்தவரின் பெயரைப் போட வேண்டும். வணிகத்துக்கு அல்ல என்று இருப்பதை விற்கப்போகும் கேமில் சேர்க்கவே கூடாது. எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் எழுதிக்கொண்டு வாருங்கள். வெளியிடுவதற்கு முந்தைய இரவு 80 சத்தங்களின் பூர்வீகத்தைத் தேடி உட்காருவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இசை? எனக்கு இசை தெரியாது, அதனால் அதிகம் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஓடாமல், எப்போதாவது வந்து போகிற இசை குளத்துக்குப் பொருந்துகிறது. எதுவுமே கேட்காத சில விநாடிகளை விட்டு வையுங்கள். அதற்குப் பிறகு வரும் ஒரு தவளைச் சத்தம் நன்றாக எடுபடும்.

வெளிச்சம், கேமரா, மற்றவை

ஓவியம் வராதவர்கள் பயப்பட வேண்டாம். எட்டு வண்ணத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, கேமில் உள்ள எல்லாவற்றையும் அந்த எட்டுக்குள் தீட்டுங்கள். சுமாரான உருவங்கள்கூட ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து நிற்கும். எ ஷார்ட் ஹைக் படத்தைப் பெரிய பெரிய புள்ளிகளாகக் காட்டுகிறது. நுணுக்கமாக வரையாத உருவங்களுக்கு அதுவே ஒரு தனி அழகைக் கொடுத்துவிடுகிறது. மூடுபனி தனியாளின் உற்ற நண்பன். தூரத்தில் இருப்பது வெளிறித் தெரிந்தால் ஆழம் வந்துவிடும், நீங்கள் வரையாமல் விட்ட மலையும் மறைந்துவிடும். பொழுதுக்கு, விடியல், நண்பகல், அந்தி என்று மூன்று வண்ணத் தொகுப்பை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாகக் கலந்தால் போதும். கணினியின் கடிகாரத்தை வைத்துப் பொழுதை நடத்தலாமே என்று தோன்றும். நானும் செய்து பார்த்தேன். வேலை முடிந்து இரவில் மட்டும் விளையாடுகிறவருக்கு அந்தக் குளம் கடைசி வரை இருட்டாகவே இருந்தது.

கேமரா சட்டென்று திரும்பக் கூடாது, குலுங்கக் கூடாது. நடை தொடங்கும்போதும் நிற்கும்போதும் கொஞ்சம் இழைய வேண்டும், ஆனால் விசையை அழுத்திய உடனே அசைவு தொடங்கிவிட வேண்டும். தாமதமும் நிதானமும் ஒன்று இல்லை. சிலருக்குத் திரை அசைந்தால் தலை சுற்றும். கேமரா ஆட்டத்தை நிறுத்தும் வசதியை அமைப்புகளில் வையுங்கள். எந்த நொடியிலும் மூடிவிட்டுப் போகலாம், வந்தால் விட்ட இடத்திலேயே குளம் இருக்க வேண்டும். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் வராவிட்டால் பூ வாடிவிடும் என்பதையெல்லாம் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். நாம் முதலில் எடுத்துப் போட்ட சாட்டைதான் அது, பூச்சுற்றி வந்திருக்கிறது.

"இப்ப என்ன பண்ணணும்?" என்பதற்கு இன்னொரு பதிலாக நான் ஒரு குறிப்பேடு வைத்தேன். அருகில் நின்று பார்த்த உயிர்கள் தாமாகவே அதில் கோட்டோவியமாக வந்து சேரும். எத்தனையில் எத்தனை என்ற எண்ணிக்கை கிடையாது. முதல் வடிவத்தில் "12-இல் 7" என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்த மறுகணமே எல்லோரும் ஓடி ஓடித் தேட ஆரம்பித்துவிட்டார்கள், தவளைகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன.

இதைக் கண்டுபிடித்தது சோதனையில்தான். சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவரை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பது. விளக்கம் சொல்லத் துடிக்கும். சொல்லக் கூடாது. உங்கள் கேமை வாங்கும் ஆளின் பின்னால் நீங்கள் நிற்கப்போவதில்லை. நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கையைப் பாருங்கள். மவுஸிலிருந்து கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்க்கிறார் என்றால், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கேம் வேலை செய்கிறது.

வெளியிடும்போது முதலில் இட்ச்.ஐஓ தளத்தில் போடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. உலாவியிலேயே ஓடும்படி கொடுத்தால் நண்பர்கள் எதையும் நிறுவ வேண்டியிராது. ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் அவர்களுக்கு. முதல் கேமை வைத்து வேலையை விட்டுவிடும் யோசனை இருந்தால், தயவுசெய்து இரண்டாவது கேம் வரை தள்ளிப் போடுங்கள்.

தவளையைத் திருத்திய பிறகு தங்கையை மறுபடியும் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லாமல் பின்னால் உட்கார்ந்தேன். முன்பு போலவே ஒரு சுற்று நடந்தாள், ஒரு கல் போட்டாள். அல்லிக்குப் பக்கத்தில் ஏதோ சலனம் தெரிந்து நின்றாள். கிட்டே போனாள், சளக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கிட்டே போனாள், சளக். மூன்றாவது தடவை போகவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மவுஸை விட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே தணிந்த குரலில் கேட்டாள்:

"அண்ணா, சத்தம் போட்டா அது போயிடுமா?"

மைக்கை நான் கேமோடு இணைக்கவே இல்லை. இணைக்கலாமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.